பச்சை விளக்கு எரிந்த கதவு

வெளிநாட்டில் ஓர் ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவனுக்கு அறைத் தோழர்கள் வைத்த பெயர் வால். பஸ்ஸோ ரயிலோ, முன்னால் ஒரு முதுகு இல்லாமல் அவன் ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான். அந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் பஸ் டிரைவரிடம் ஏதோ கேட்கப்போய், பாஷை தடுமாறி, பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான். ஏழு வருஷம் ஓடிவிட்டது.

"நாலு பேர்கிட்ட வழி கேட்டா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்பார் கூடவே தங்கியிருந்த சமையல்காரர்.

"எனக்கு எல்லாம் தெரியும்ணே."

என்னத்தைத் தெரியும்! கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வரத் தெரியும், அவ்வளவுதான்.

அவன் அக்காவும் அதே நாட்டில்தான் இருந்தாள், ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி, ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தவரைப் பார்த்துக்கொண்டு. அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள். ஏழு வருஷத்தில் ஒருதடவைகூட அவன் போய்ப் பார்க்கவில்லை. லீவு ஒத்துவரவில்லை என்று சொன்னதெல்லாம் சாக்கு. தனியாக ரயில் மாறிப் போகப் பயம், அதுதான் நிஜம்.

இப்போது அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. ஒரேயடியாக ஊர் திரும்புகிறாள். விமான நிலையம் போகும் வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும்.

"நடுவுல இருபது நிமிஷம் கெடைக்கும்டா. வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயேன்," என்றாள்.

மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினான். ஏறும்போது முன்னால் ஒரு முதுகு இருந்தது. ஆனால் நடுப்பகல் ரயில், போகப்போகப் பெட்டியில் ஈ காக்கை இல்லை. ஸ்டேஷன்களை விரல்விட்டு எண்ணி, சரியான இடத்தில் எழுந்து கதவருகே நின்றான். ரயிலும் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா! பாதியாக இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் மூச்சு வாங்க வந்து கதவெதிரே நின்றாள்.

கதவு திறக்கவில்லை.

இதோ திறக்கும், இதோ திறக்கும் என்று நின்றான். அடப்பாவி, மூக்குக்கு நேரே பச்சை விளக்கோடு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால்தான் கதவு திறக்கும்! இத்தனை வருஷமும் முன்னால் நின்றவர்கள் அமுக்கினார்கள், இவன் அவர்கள் முதுகைத்தானே பார்த்தான். அக்கா கண்ணாடியைத் தட்டினாள். இவனும் உள்ளிருந்து தட்டினான். விளக்கு அணைந்தது. ரயில் நகர்ந்தது.

அடுத்த ஸ்டேஷனில் பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்த ஒருவர் பொத்தானை அமுக்கி இறங்கியதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. திரும்பி வருவதற்குள் அவள் ரயில் போய்விட்டது.

மறுநாள் ஊரிலிருந்து போன் செய்தாள். "கதவு ஏன்டா திறக்கல?"

"ரிப்பேர்க்கா." வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"ரிப்பேரா? அப்பாடா! என் பக்கம் ஒரு பச்சை வெளக்கு எரிஞ்சுதுடா. அமுக்கலாமான்னு கைகூடப் போச்சு. எதுனா ஆயிடுமோன்னு பயந்து விட்டுட்டேன். அமுக்கியிருந்தா உன்னைத் தொட்டுப் பாத்திருக்கலாமோன்னு ராத்திரியெல்லாம் மனசு அடிச்சுக்கிச்சு."



"அமுக்கியிருந்தாலும் திறந்திருக்காதுக்கா," என்றான்.

அதை நம்பிக்கொண்டே இரண்டு மாதத்தில் அவள் கண்ணை மூடினாள். இப்போதெல்லாம் எந்த ரயிலிலும் கதவருகே அவன்தான் முதல் ஆள். விளக்கு எரியும் முன்பே அமுக்க ஆரம்பித்துவிடுகிறான்.