உடனிருந்தவர்கள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ஏணிக்காரி என்று பெயர். வைத்தவன் நான்தான். பத்துப் படி உள்ள ஏணிப் படம் போட்ட ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். மேல்படி ரொம்பச் சந்தோஷமான வாழ்க்கை, கீழ்ப்படி ரொம்ப மோசமான வாழ்க்கை, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்பாள். சொல்கிற எண்ணைப் படிவத்தில் எழுதி, அடியில் 'நேரில் கண்டு பதிந்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள். எந்தத் தெரு சந்தோஷமாக இருக்கிறது, எந்தத் தெரு இல்லை, ஏன் என்று மேலே யாருக்கோ தெரிய வேண்டுமாம். அந்த 'ஏன்' மட்டும் பதினோரு வருஷமாகப் பிடிபடவில்லை. அவளும் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியர்தான்.

நான் அதிகாரியின் அறையில் அட்டெண்டர். இருபது வருஷம். டீ கொண்டுபோவேன், ஃபைல் எடுத்து வருவேன், மற்ற நேரம் கதவருகில் நிற்பேன். கதவும் நானும் ஒன்று என்ற நினைப்பில்தான் உள்ளே வருகிறவர்கள் பேசுவார்கள். அதனால் எனக்குத் தெரியாத சங்கதி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

அவள் ஆள் குள்ளம், நடை வேகம், வாய் கொஞ்சம் நீளம். ஒரு ஜோடி செருப்பு மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. புருஷன் பஸ் டிரைவர். இடுப்பெலும்பு தேய்ந்து, சீட்டில் உட்கார முடியாமல் இரண்டு வருஷமாக வீட்டோடு கிடந்தார். ஆபரேஷன் செய்தாக வேண்டும். இவள் வேலை நிரந்தரமானால் குடும்பத்துக்கே மருத்துவ அட்டை கிடைக்கும். அந்த ஆணை டைப் ஆகி அதிகாரியின் மேஜைமேல் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. கடைசியாக ஒரே ஒரு தெருவை முடித்துக் கொடுத்தால் போட்டுவிடுகிறேன் என்றார்.

அது மில் தொழிலாளிகள் குடியிருக்கும் தெரு. ஒரே நீள வராந்தா, நாற்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஓர் அறையும் ஒரு சமையலறையும். அதற்கு முன் அவள் முடித்திருந்தது, எதிர்ச்சாரியில் இருக்கும் இருபது மாடிக் கட்டடம். அங்கே மணியடித்தாள், கதவு திறந்தது, ஒவ்வொருவராகத் தனியே கேட்டு எட்டும் ஒன்பதுமாக வாங்கி வந்தாள். ஒரு சிக்கலும் இல்லை.

வராந்தாவில் அவள் பாச்சா பலிக்கவில்லை. விதிப்படி, பதில் சொல்கிறவர் தனியாக இருக்க வேண்டும். படிவத்தில் 'உடனிருந்தவர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று வர வேண்டும். வேறு எது வந்தாலும் படிவம் செல்லாது. முதல் வீட்டில் ஒரு தையல்காரி ஏணியைப் பார்த்துவிட்டு ஏழு என்றிருக்கிறாள். பேனா தாளைத் தொடுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி கையில் கரண்டியோடு உள்ளே வந்துவிட்டாள்.

"என்னடி ஏழு? மூணு நாளா கண்ணு வீங்கிக் கிடக்கு, ஏழாம். நாலு போடுங்கம்மா."

பின்னாலேயே கோடி வீட்டு மாமா வந்து, நேற்றுதான் இவள் மகன் போன் செய்துவிட்டான், ஐந்தாவது போட்டால்தான் நியாயம் என்று தகராறு செய்திருக்கிறார். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் தையல்காரியே நாலரைக்கு இறங்கி வந்தாள். அரைக்கு இடமில்லை என்று இவள் நாலு எழுதினாள்.

நாற்பத்திரண்டு வீட்டிலும் இதே கூத்து. ஒருத்தரையும் தனியாகப் பிடிக்க முடியவில்லை. எண்களெல்லாம் மூன்று, நாலு, ஐந்து. உடன் இருந்தவர்களை அவள் ஒருத்தர் விடாமல் எழுதினாள். யார் என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பதையும் எழுதினாள். கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதி, தாளைத் திருப்பியும் எழுதினாள்.

அதிகாரி கட்டு முழுவதையும் திருப்பித் தள்ளினார். கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கேட்டு வரச் சொன்னார். போனாள். நாலு நாள் தாழ்ப்பாள் போட்டுக் கேட்டாள். அதே தையல்காரி எட்டு என்றாள். கோடி வீட்டு மாமா ஒன்பது என்றார். தெரு மொத்தமும் ஒரே வாரத்தில் எட்டாம் படிக்கு ஏறிவிட்டது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல். கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா, ஆணையை வாங்கிக்கொண்டு போ என்றார்.

மறுநாள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். டீயைத் தொடவில்லை.

"நேத்து வீட்டுல அவரையும் கேட்டேண்ணே. இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாத மனுஷன். எட்டுங்கிறார். எங்கிட்டயே."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பிழைக்கத் தெரியாதவளாக இருக்கிறாளே என்று கோபம். கையெழுத்தைப் போட்டுத் தொலை, முதலில் அந்த மனுஷன் இடுப்பைப் பார் என்று திட்டினேன். கேட்டுக்கொண்டாள், எழுந்து போய்விட்டாள்.

மூன்று மணிக்கு இரண்டு படிவக் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தாழ்ப்பாள் போட்டு வாங்கிய படிவங்களில் ஒன்றிலும் அவள் கையெழுத்து இல்லை. பழைய படிவங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. அதிகாரி சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் பேசினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நாலு வாங்கிய தெருதான் நல்ல தெரு என்று சாதிக்கிறாயா என்று கேட்டார்.

"மாடிக் கட்டடத்துல ஒன்பதுன்னாங்க, எழுதிக்கிட்டேன். அட, பொய் சொல்றாரும்மா, நாலு போடுன்னு சொல்ல அங்க ஒரு ஆள் வரல சார். இங்க கண்ணு வீங்கினா மூணாவது வீட்டுக்குத் தெரியுது. ஏன், ஏன்னு பதினோரு வருஷமா கேக்குறீங்க. அது அந்த 'உடனிருந்தவர்கள்' கட்டத்துலதான் இருக்கு. அதுல போய் இல்லைன்னு எழுதச் சொல்றீங்களே."

எழுது, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்.

பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். ஏணி அட்டையை அவர் முன்னால் வைத்தாள். "அப்ப கடைசியா ஒண்ணு எழுதிட்டுப் போறேன். நீங்க எந்தப் படி சார்?"

சனியன் ஒழிந்தால் சரி என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்பது என்றார். உடனிருந்தவர்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றார்.

நான் அவருக்கு ஐந்தடி தள்ளி நிற்கிறேன். இருபது வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைப்பார், டப்பாவைக் கழுவுகிறவன் நான். தினம் நாலு மணிக்கு மகளுக்குப் போன் போடுவார். அவள் எடுக்க மாட்டாள். மணி அடித்து ஓய்ந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பார். ஒரு நாளாவது என்ன சார் என்று கேட்டிருப்பேனா? இல்லை. எனக்கென்ன வந்தது என்று நின்றிருக்கிறேன். அன்று அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது.

"மூணு போடும்மா" என்றேன்.

அதிகாரி தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். "உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார். நான் இங்கதான் இருக்கேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் மூன்று எழுதினாள். கட்டத்தில் அட்டெண்டர் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, பழைய கட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

ஆணை வரவில்லை. அவள் புருஷனுக்கு இலவச ஆஸ்பத்திரியில் வரிசை வர எட்டு மாதம் ஆயிற்று. வார்டில் மாற்றி மாற்றித் துணைக்கு உட்கார்ந்தது வராந்தாக்காரர்கள். தையல்காரி வந்தாள், கரண்டிக்காரி வந்தாள், கோடி வீட்டு மாமா வந்து நர்ஸோடு சண்டை போட்டார். இப்போது அவள் புருஷன் கைத்தடியோடு தெருமுனை வரை போய் வருகிறார். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். என்னைக் கீழ்த்தளத்துப் பழைய காகிதக் கிடங்குக்குத் தூக்கி அடித்தார்கள். போகட்டும்.

போன மாதம் அறிக்கை அச்சாகி வந்தது. மாடிக் கட்டடம் முதலிடம். வராந்தாத் தெருவுக்கு நேரே 'தகவல் கிடைக்கவில்லை' என்று போட்டிருந்தது. செல்லாத படிவங்களைக் கிழித்துப் போடும்படி எனக்கு உத்தரவும் வந்தது. நான் கிழிக்கவில்லை. அதிகாரியுடையதோடு சேர்த்து நாற்பத்து மூன்றையும் நூல் கோத்துக் கட்டி, தெருவின் பெயர் எழுதி அலமாரியில் வைத்தேன்.

நேற்று அதிகாரியே படியிறங்கி வந்தார். கிழித்தாயிற்றா என்று கேட்டார். இல்லை, கிழிக்க மாட்டேன் என்றேன். ஏன் என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், அந்தப் படிவக் கட்டை எடுத்து அவர் முன் வைத்தேன்.

"படிச்சுப் பாருங்க சார். பின்பக்கமும் எழுதியிருக்கு."