மஹ்றூப் காக்காவின் கடைசி ரிப்போர்ட்

ஆஸ்பத்திரி லெப்பில் இரத்த மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மஹ்றூப் காக்காவின் பெயரைச் சொல்லி மரணச் செய்தி அறிவித்தது. இன்னாலில்லாஹி என்றேன். அடுத்து என் வாயில் வந்தது ஒரு டொக்டரின் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன்.

கல்முனையில் இதே லெப்பில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு, எங்களில் மூத்தவரான காக்காவின் பிடிவாதம் தெரியும். சிறுநீர் மாதிரி வந்தால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவார். "சுணங்காம பாருங்க தம்பி, சுணங்கினா உள்ள இரிக்கிற அணுவெல்லாம் கரைஞ்சிரும்" என்பார். மாவடிப்பள்ளி விவசாயி ஒருவர் விடியற்காலையில் எடுத்ததைப் பகலில் கொண்டுவந்தார். அதைக் கொட்டச் சொல்லி, தண்ணீர் குடிக்கவைத்து, புதிதாக வாங்கிப் பார்த்தார். அந்த மனிதர் ஏசிக்கொண்டே குடித்தார். அவருடைய சிறுநீரகம் இன்றும் வேலை செய்கிறது.

போன வருடம் காக்காவுக்கே மூக்கில் இரத்தம் வந்தது. பிறகு மூட்டுவலி, பிறகு இருமினால் இரத்தம். அந்த டொக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துக் காசநோய் என்று மாத்திரை தொடங்கினார். சளியை மூன்று தரம் நானே சோதித்தேன், கிருமி இல்லை. மாத்திரையோ நிற்கவில்லை. ஒரு காலையில் காக்கா தன் சிறுநீரைத் தானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்கள் குழாய் வடிவில் ஒட்டிக் கிடந்தன.

"கிட்னிக்குள்ள இரிந்துதான் ரெத்தம் வருது. நெஞ்சிலயும் ரெத்தம், இஞ்சயும் ரெத்தம். ரெண்டும் ஒரே நோய் தம்பி. நோயை எதிர்க்கிற சக்தி என்ட ரெத்தக் குழாயையே அடிக்கிது."

ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டுக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். டொக்டர் தாளை விரிக்காமலே தள்ளினார். "மூத்திரம் பாக்கிற ஆள் நெஞ்சப் பத்திக் கதைக்க வேணாம்." காக்கா குரலை உயர்த்தினார். "பாத்துப்போட்டு ஏசுங்க சேர்!"

வீட்டார் டொக்டரைத்தான் நம்பினார்கள். இன்னும் மூன்று வாரம் அதே மாத்திரை. பிறகு மட்டக்களப்பில் வேறொரு டொக்டர் அந்தத் தாளை வாசித்ததுமே இரத்தத்தைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினார். காக்கா சொன்ன நோயேதான். அதற்குள் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. மெஷினில் இரத்தம் சுத்திகரித்தும் ஆறு மாதம்தான் இருந்தார்.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் காக்காவின் மகன் வழக்கப்படி எழுந்து கேட்டான். "வாப்பா ஆருக்கும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க." முன் வரிசையிலிருந்து டொக்டரின் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது. "நான் மன்னிச்சிட்டன்." எவ்வளவு பெரிய மனது என்று சனம் தலையாட்டியது. பள்ளிவாசல் என்பதால் ஏசாமல் தொழுகைக்கு வரிசையில் நின்றேன்.

காக்கா கையெழுத்திட்ட தாளை நான் வைத்திருக்கிறேன். அதன் பிரதி, டொக்டருக்கு எதிராக நான் எழுதிய முறைப்பாட்டோடு மேலிடத்துக்குப் போயிருக்கிறது. "மவுத்தான மனிசன், விட்டிருங்க" என்று சமாதானம் பேச இரண்டு பேர் வந்தார்கள். விடமாட்டேன்.

டொக்டர், ஒரு மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மையவாடியில் இருக்கிறார். அவர்மேல் நீங்களும் மூன்று பிடி மண் போட்டீர்கள்.