பூந்திக் கரண்டியில் பிடித்த சூரியன்

கிரகணத்தன்று காலை பிள்ளைகளிடமிருந்து ஏழு வெல்டிங் கண்ணாடிகளைப் பிடுங்கி வைத்தேன். ஓசூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ஃபேக்டரியில் இருப்பார். கிரகணம் வந்தால் அவருடைய கறுப்புக் கண்ணாடியும் வெளியே வந்துவிடும். எவ்வளவு கறுப்பு என்று அதன் ஓரத்தில் போட்டிருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பதினான்கு என்று இருந்தால்தான் சூரியனைப் பார்க்கலாம். வந்தவை எல்லாம் பத்து, பதினொன்று.

அரையாண்டு லீவில் கிரகணம் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டதே நான்தான். கண்ணாடிகளை பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆறு பேர் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நகரவில்லை.

"எங்கப்பா தெனமும் இதே மாதிரி போட்டுதான் நெருப்பப் பாக்குது டீச்சர். அதுக்கு ஒண்ணும் ஆகலையே."

"நெருப்பு வேற, சூரியன் வேற. போய் உக்காரு!" என்று கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் கண் கலங்கியது. அப்பாவின் கண்ணாடியை எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாளாம். மனசு கேட்கவில்லை. ஆனாலும் பீரோவைத் திறக்கவில்லை.

பள்ளிக்கு எதிரே பலகாரக் கடை. கிரகணம் விடும்வரை அடுப்பு மூட்டக்கூடாதென்று கடைக்கார அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். ஆணியில் பூந்திக் கரண்டி தொங்கியது. கேட்டேன்.

"கழுவிக் குடுத்துடணும் டீச்சர்" என்று எடுத்து நீட்டினார்.

பிள்ளைகளைச் சூரியனுக்கு முதுகு காட்டி, வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தேன். அந்தப் பெண்ணிடமே கரண்டியைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். கரண்டியில் எத்தனை ஓட்டையோ, சுவரில் அத்தனை பிறைச் சூரியன்! ஒரே கூச்சல். "எனக்கு, எனக்கு" என்று உள்ளங்கையில் ஏந்தினார்கள். நானும் முண்டியடித்துக் கையை நீட்டினேன்.

அப்போது நைட் ஷிப்ட் முடித்து அவள் அப்பா யூனிஃபார்மோடு வந்தார். கண்ணாடியைப் பூட்டி வைத்ததற்கு என்ன சொல்வாரோ என்று இரண்டடி பின்வாங்கினேன். அவரோ கையை நெற்றியில் வைத்து மேலே நிமிரப் போனார்.

"மேல பாக்காதப்பா! திரும்பி நில்லு!"

கத்தியது அவள்தான். அசல் என் கத்தல். மனிதர் மிரண்டுபோய்த் திரும்பி நின்றார். அவள் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் கரண்டியைப் பிடித்தாள். நீலச் சட்டை முதுகெல்லாம் பிறைகள். வகுப்பே வரிசையில் நின்று அவள் அப்பாவைப் பார்த்தது.