நடக்கும்போதுதான் சாமி

பங்குனி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். வலது தோள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உயிர் போகிறது.

சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளில் எனக்கு ஒரு காய்ப்பு உண்டு. சின்னக் கொழுக்கட்டை அளவுக்கு இருக்கும். அதை அமுக்கிப் பார்த்தார்.

"மூட்டை தூக்கற வேலையா?"

"இல்ல சார். இஸ்திரி வண்டி."

"இஸ்திரிப் பெட்டியைத் தோள்லயா வெச்சுக்குவீங்க?"

எனக்குப் பேச்சு வராது என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஐந்தாவது வரை படித்த தமிழ் அதற்குப் போதும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி வசந்தாதான் சொன்னாள்.

"சாமி தூக்கறாரு டாக்டர். மயிலாப்பூர்ல, பங்குனித் திருவிழாவுக்கு."

டாக்டர் காய்ப்பிலிருந்து கையை எடுத்தார். "இந்த வருஷம் சாமிக்கு வேற ஆள் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்தோம். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கிறேன். திரும்பிப் பார்த்தால் வசந்தா முகத்தில் சிரிப்பு! புருஷனுக்குத் தோள் போய்விட்டது... இவளுக்குச் சிரிப்பு வருகிறதா?

"இன்னாடி சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லபா. இந்த வருஷமாச்சும் என் பக்கத்துல நின்னு பாப்ப இல்ல... அத நெனச்சேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட, ஆமாம்!

இருபது வருஷத்துக்கு மேல் சாமி தூக்குகிறேன். வாகனத்தின் இரண்டு பக்கமும் நீளமாக மூங்கில் தண்டு போகும். அந்தத் தண்டில் முன்னால், இடது ஓரத்தில் என் இடம். எங்கள் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர் இருக்கிறார், கொத்தனார் இருக்கிறார், பேங்கில் கேஷியராக இருக்கிறவர்கூட இருக்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை மடித்துத் தோளில் போட்டுவிட்டால் எல்லாரும் ஒன்றுதான்.

ஆனால், தூக்குகிறவனுக்குச் சாமி தெரியாது. தண்டுக்குக் கீழே நின்றால் பின்னால் தலைக்கு மேல் இருப்பது எப்படித் தெரியும்? திரை விலகும்போதே நாங்கள் தோள் கொடுத்து நின்றாக வேண்டும். கற்பூரம் காட்டுவதும் எங்களுக்கு வாசனைதான். இறக்கி வைத்த பிறகு பார்க்கலாமே என்பீர்கள். பார்த்திருக்கிறேன். கும்பிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொல்லவும் சொல்வேன், "நானும்தான் பாத்தேன்" என்று.

"நீ பாத்தது இன்னா பாத்தது? நிக்கறப்போ அது செல. நடக்கறப்போதான் சாமி" என்பாள்.

ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். ஈரத்தலையோடு வாசலில் உட்கார்ந்து எனக்கு அவள் வர்ணித்துக்கொண்டே இருப்பாள். கோபுர வாசலில் வந்து ஒரு நிமிஷம் நின்றதாம், அப்புறம் மெல்ல ஆடி அசைந்து அவளை நோக்கியே வந்ததாம், மாலை அசைந்ததாம், காதில் தோடு அசைந்ததாம். சொல்லும்போதே கண் கலங்கும். "யாரோ நமக்கு ரொம்ப வேண்டியவங்க, நம்ம ஊட்டத் தேடிக்கினு தெருவுல வரா மாதிரி கீதுபா..." என்பாள்.

நான் காப்பியைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவேன். உள்ளுக்குள் ஒரு ஏக்கம் இருக்கும். அவளை நோக்கி வந்த அந்த நடை, எங்கள் கால்கள் கொடுத்த நடை. அதை ஊரே பார்த்துவிட்டது. நான் மட்டும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் பார்க்கப்போகிறேன்!

அதிகார நந்தி வாகனம். பொழுது விடியும் நேரத்தில் கோபுர வாசலைத் தாண்டி வெளியே வரும். இருட்டோடு எழுந்து குளித்துவிட்டுப் போனோம். அதற்குள்ளேயே கூட்டம். வசந்தாவுக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. கோபுரத்துக்கு நேர் எதிரே, ஒரு பூக்கடைப் பலகையை ஒட்டி. பூக்காரம்மா அவளைப் பார்த்ததும் கூடையை நகர்த்தினார்.

எங்கள் கூட்டத்துக்குப் பெரியவர் ஏழுமலை அண்ணன். உள்ளே போகும்போது என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, விஐபி ஆயிட்டியா? சொக்கா எல்லாம் போட்டுக்கினு நிக்கிற!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஓடிவிடலாம் போல் இருந்தது. தண்டுக்கு அடியில் எனக்குக் கூச்சமே வராது தெரியுமா? ஆயிரக்கணக்கான முகங்கள் எதிரில் இருக்கும். ஒரு முகம்கூட என்னைப் பார்க்காது. எல்லாக் கண்களும் எனக்கு மேலே, பின்னால். அழுகிறவர்கள், வாய் பிளந்து நிற்கிறவர்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்... ஒருவர் விடாமல் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே போவேன். ஊரில் எங்கேயும் என்னால் முடியாத காரியம் அது. இப்போது நானும் அந்த முகங்களில் ஒன்றாக நிற்கிறேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

நாதஸ்வரம் கிளம்பியது. கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் சாய்ந்தது. கோபுர வாசலுக்குள் திரை விலகுவது தெரிந்தது, தீபாராதனை வெளிச்சம் தெரிந்தது. "பாரு, பாரு..." என்று வசந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் அடிக்க வருவீர்கள்.

கால்களைப் பார்த்தேன்.

ஏழுமலை அண்ணன் கை தூக்கியதும் அத்தனை கால்களும் ஒன்றாகக் கிளம்பின. என் இடத்தில் புதிதாக ஒருவர். முதல் அடியே தப்பு. எல்லாரும் இடது காலை வைத்தால் இவர் வலதை வைக்கிறார். துண்டை வேறு சரியாக மடிக்கவில்லை. தண்டு தோளில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. படி இறங்கும் இடத்தில் முட்டியை மடக்க வேண்டும், மடக்கினாரா? இல்லை! என் முட்டி தானாக மடங்கிவிட்டது. பூக்கடைப் பலகையில் இடித்துக்கொண்டேன். என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்:

"கால மாத்துய்யா! கால மாத்து!"

பக்தியில் உருகிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பூக்கூடையின் பக்கம் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது எனக்குத் தெரிந்தது குடையின் பின்பக்கமும், சாமியின் முதுகில் தொங்கிய மாலையின் முடிச்சும்.

வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா?"

"ம்."

"இன்னா 'ம்'? பாத்தியா, பாக்கலியா?"

"...கால்தான் பாத்தேன்."

"சாமி காலா?"

"இல்ல... நம்ம ஆளுங்க காலு."

வசந்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

நமக்கு ஏன் இப்படி ஆகிறது, சொல்லுங்கள்? ஒரு டிசம்பரில், பரதநாட்டியம் ஆடுகிற ஒரு பெண் தன் உடுப்பை என்னிடம் இஸ்திரிக்குக் கொடுத்திருந்தாள். முன்னால் விசிறி மடிப்பு வரும் பாருங்கள், அந்தப் பட்டு உடுப்பு. நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு சபாவுக்கு ஒரு பாஸும் கொடுத்தாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அரங்கமே மெய்மறந்து போயிருந்தது. நானோ அவள் உட்கார்ந்து எழும்போதெல்லாம் மூன்றாவது மடிப்பு கலையுமோ என்று பதறிக்கொண்டிருந்தேன். மடிப்பு கலையவில்லை. ஆட்டம் எப்படி என்று கேட்டால் இன்றுவரை தெரியாது.

ஆனால், அடையாறுப் பக்கம் போய்க் கடற்கரையில் நின்றால் மட்டும் எனக்கு வாய் அடைத்துப் போகும். எத்தனை தடவை பார்த்தாலும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபம் — கடலுக்கு நான் எதையும் இஸ்திரி போட்டுக் கொடுக்கவில்லை. அலை சரியாக மடங்குகிறதா என்று பார்க்கவேண்டிய பொறுப்பு எனக்கு இல்லை. வியப்பதற்குக் கை சும்மா இருக்க வேண்டும் போலிருக்கிறது. கைகூட இல்லை... கண்ணுக்குள் இருக்கிற வேலைக்காரன் சும்மா இருக்க வேண்டும்.

கதைக்கு வருகிறேன். வசந்தா விடுவாளா?

"வா" என்றாள். என் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். நீர்மோர்ப் பந்தலைத் தாண்டி, பொம்மை விற்கிறவர்களைத் தாண்டி, "கொஞ்சம் வழி விடுங்கம்மா, இவரு இன்னும் சாமி பாக்கல" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு போகிறாள். கூச்சத்தில் நான் செத்தேன். ஒரு அம்மா பரிதாபத்தோடு, "வெளியூரா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். என்ன செய்ய?

தெற்கு மாட வீதியில் பாதித் தூரம் போய் நின்றோம். வாகனம் முனையில் திரும்பி எங்களை நோக்கி வர வேண்டும்.

"கீழ குனிஞ்ச... இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்றாள் வசந்தா. சொன்னதோடு நிற்கவில்லை. என் முகவாயில் விரலை வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தாடையைப் பிடித்துக் குழந்தைக்குத் தலைசீவி விடுவார்களே, அந்த மாதிரி. நடுத்தெருவில்!

வெள்ளி நந்தி முனையில் திரும்பியது.

சூரியன் அதற்குப் பின்னால் இருந்தது. முதலில் உருவமே தெரியவில்லை. ஓரம் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சம் அசைந்தது. அசைந்தபோதுதான் அது குடையின் ஓரம், இது மாலை, இது தோள் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பிறகு முகம் வந்தது. இறக்கி வைத்திருக்கும்போது நான் கும்பிட்ட அதே முகம்தான். ஆனால் அது இப்படி என்னைப் பார்த்ததில்லை. மேலே ஏறி, லேசாக நின்று, இறங்கி, மறுபடியும் ஏறி... ஒவ்வொரு அடிக்கும் அந்த முகம் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி, கிட்டே வந்து சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொள்வதைப் போல இருந்தது.

எனக்கு அழுகை வந்ததா என்று கேட்காதீர்கள். வசந்தா முகவாயிலிருந்து விரலை எப்போது எடுத்தாள் என்றுகூடத் தெரியவில்லை. தோள் வலி எங்கே போனது என்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊர் இதையா பார்த்துக்கொண்டிருந்தது? தெரியாமல் போனதே என்று இருந்தது. தெரிந்துவிட்டதே என்றும் இருந்தது. வாகனம் எங்களைத் தாண்டிப் போய், கூட்டம் கலைந்து, தெருவில் உதிர்ந்த பூ மட்டும் கிடக்கும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு வசந்தாவைத் தேடினேன். பக்கத்தில்தான் இருந்தாள். அவள் அழவில்லை.

"வசந்தா, நீ சொன்னது கொஞ்சம்தான். அது..."

"ம். நல்லா இருந்துச்சு" என்றாள்.

இவள் சொல்லும் 'ம்'மா இது?

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுமா."

அவள் உதிர்ந்த பூவை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தாள். அப்புறம் சொன்னாள். "வருஷா வருஷம் வரப்போ இடது பக்கமா லேசா ஒரு சாய்வு சாயும். சாஞ்சி, அப்புறம் நிமிரும். நாலு அடிக்கு ஒருக்கா. அதுதான் அழகு. இந்த வருஷம் அது இல்ல. நேரா வருது. கோபுரத்தாண்டயே பாத்தேன். சரி, போகப்போக வரும்னு நெனச்சேன்... வரல."

நான் நின்றுவிட்டேன்.

சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து எனக்கு இடது கால் ஒரு விரற்கடை குட்டை. வேகமாக நடந்தால் தெரியாது. மெதுவாக, பாரத்தோடு நடந்தால் இடது பக்கம் ஒரு சாய்வு வரும். ஏழுமலை அண்ணன் முதலில் திட்டிப் பார்த்தார், பிறகு பழகிவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? அத்தினி பேர் தூக்கறோம். என் ஒருத்தன் காலு மேல எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாதுன்னு நீ சொல்ற. நான் பாத்தவ சொல்றேன்."

"மூங்கிலு சாஞ்சிருக்கும். ரோடு மேடு பள்ளமா இருந்திருக்கும்."

"இருந்துட்டுப் போட்டும். எனக்கு அதான் சாமி."

மாட வீதியைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். இன்று நான் பார்த்தது குறைந்ததா என்றால் இல்லை. ஜென்மத்துக்கும் போதும். ஆனால், இத்தனை வருஷமாக வாசலில் உட்கார்ந்து அவள் அழுது அழுது சொன்னாளே, அந்தச் சாமியை அல்லவா நான் பார்க்க ஆசைப்பட்டேன்?

பஸ் வரக் காணோம். மெதுவாகக் கேட்டேன்.

"அப்போ, நீ பாத்த சாமிய நான் எப்பப் பாக்கறது?"

வசந்தா என் வலது தோளில் சட்டைக்கு மேலாகக் கையை வைத்தாள்.

"எப்படிப் பாப்ப? அதுக்கு நீ தண்டுக்கு அடியில இருக்கணுமே!"