கொந்தராத்து நானா ஊர் போனது

காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் ஒருவர் கயிற்றில் தொங்கினால், கீழே நிற்பவருக்கு ஆளா காகமா என்று தெரியாது. சண்டை முடிந்த பிறகு கற்பிட்டிக் கரையில் எழும்பிய கோபுரங்கள் அவை. இறக்கைகளில் வெடிப்பு விழுந்தால், அதை அடைக்க அதற்கென்றே பயின்ற ஆட்கள் வேண்டும். கம்பனி அவர்களை நேரே எடுக்காது. கொழும்புக் கொந்தராத்துக்காரர் ஒருவர் ஆறு மாத ஒப்பந்தத்தில் அனுப்பிவைப்பார். அப்படி வந்தவர்தான், அண்ணன் முறையில் நான் கூப்பிடும் நானா. புத்தளத்தில் எங்கள் அகதிக் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து எங்கள் முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் விரட்டியபோது அவர் கைக்குழந்தை. நான் அந்தக் கம்பனி அலுவலகத்தில் வேலை செய்தேன்.

காற்று அடங்கிய நேரங்களில் அவர் உச்சியிலிருந்து வடக்கையே பார்த்துக்கொண்டிருப்பாராம். களப்பு நீரும் கடலும் வானமும் ஒன்றில் ஒன்று கரைந்து கிடக்குமாம். "ஊர் தெரியுதா நானா?" என்று கேட்பேன். "தெரியாது புள்ள. ஆனா அந்தப் பக்கந்தான்" என்பார். கண்டிராத ஊரைச் சொல்லும்போது முகம் பூத்துவிடும்.

ஒருநாள் கம்பனி அவரை நிரந்தரமாக எடுக்கக் கேட்டது. கொந்தராத்து ஆட்களுக்குக் கனவிலும் கிடைக்காத சங்கதி. மனுசன் மாட்டேன் என்றுவிட்டார்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"உங்களுக்கென்ன பைத்தியமா நானா?"

"நிரந்தரமா நிண்டா இந்த ஊர்க்காரனாகிருவன் புள்ள. சண்டையில மூடின மன்னார்ப் பாதையும் திறந்துட்டு. உம்மாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

கொந்தராத்து முடிந்த அன்று பின்னேரம் நான் மாமி என்று கூப்பிடும் தன் உம்மாவிடம் அவர் விசயத்தைச் சொன்னபோது நானும் கூட நின்றேன். மாமி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அடக்கின வாப்பாவ இஞ்ச மையவாடியில தனிய உட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டன், மகன்."

யா அல்லாஹ், இதை முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நானா கைகழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

கொஞ்சக் காலம் கழித்து மன்னாரிலும் கோபுரங்கள் எழும்பின. கொந்தராத்துக்காரர் அவரை அங்கே அனுப்பினார். அதுவும் ஆறு மாதத்துக்குத்தான், வாடகை அறை. போய்ச் சேர்ந்த கிழமையே தொலைபேசியில் கதைத்தார். தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "தம்பி எந்த இடம்?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"யோசிக்காமப் புத்தளம் எண்டுட்டன், புள்ள."