அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் போன இயந்திரம்

பல் மருத்துவமனை நர்ஸ் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்கப் பெருமுயற்சி செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அது வாயைத் திறந்ததும் கடவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுதுங்க. எங்க டாக்டர் பார்த்தா சந்தோஷப்படுவாரு. இப்படி ஒருத்தரும் ஒழுங்கா திறக்கிறதில்ல."

சுற்றி நின்றவர்கள் ஒரு சின்ன வீடியோ கேம் நிறுவனத்தின் ஆட்கள். மருத்துவமனை இருக்கும் அதே கட்டிடத்தின் மேல்தளத்தில், முன்பு தையல் கூடமாக இருந்த நீள அறை அவர்களுடையது. தரை இடுக்குகளில் இன்னும் ஊசி கிடைக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செய்துகொண்டிருக்கும் விளையாட்டை ஆடச் சொல்வார்கள். கைவிடப்பட்ட ஒரு விண்வெளி நிலையம்; அதில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண்; அவளைத் தேடி அலையும் ஓர் இயந்திரம். ஆடுகிறவர் அந்தப் பெண்ணாக அறை அறையாகச் சாவி தேடி, இயந்திரத்தின் கையில் சிக்காமல் வெளியேற வேண்டும். இயந்திரத்துக்குக் காவலன் என்று பெயர். காவலனைக் கண்டால் குலை நடுங்க வேண்டும் என்பது திட்டம். நர்ஸ் இரண்டு மாடி இறங்கும்வரை அவருடைய சிரிப்பு படிக்கட்டில் கேட்டது.

முதலாளி தாடியைத் தடவினார். நல்ல மனிதர், ஆனால் அவர் தாடியைத் தடவினால் எதையோ வெட்டப்போகிறார் என்று அர்த்தம்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தடவை பார்ப்போம்க்கா," என்றார். "அப்பவும் சிரிச்சாங்கன்னா காவலனை எடுத்துடலாம். ரெடிமேடா சிலந்திக் கூட்டம் ஒண்ணு கிடைக்குது. வாங்கிப் போட்டுட்டு வேலையை முடிப்போம்."

அக்கா என்று அவர் சொன்னது நடையக்காவை. அலுவலகத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. திரையில் வரும் உருவங்களை நடக்க, ஓட, தடுமாற, எழுந்திருக்க வைப்பது அவர் வேலை. முன்பு ஒரு காலணிக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தார். வருகிறவர்களின் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்த்திருப்பார். யார் குதிகாலை அழுத்துகிறார், யார் கல்யாண வீட்டுக்கு வாங்குகிறார், யார் வாங்காமல் போகப்போகிறார் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். மாலை வகுப்பில் கணினியில் உருவங்களை அசைக்கக் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தபோது, நேர்காணலில் முதலாளி மாதிரியே நடந்து காட்டினார். அன்றே வேலை கிடைத்தது.

காவலனை அவர் இரண்டு வருடமாக நடக்கவைத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் எடை தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் மேலும் கீழும் போவார். கட்டிடத்தின் வாட்ச்மேன் ஒருநாள் தயங்கித் தயங்கி, நல்ல மூட்டு டாக்டர் ஒருவரின் விலாசத்தைக் கொடுத்தார். அத்தனை பாடுபட்ட நடை இப்போது சிலந்திக்கு வழிவிட வேண்டும். அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

வீட்டில் கணவர் முன்பே வந்திருந்தார். அவர் ஒரு பெரிய விடுதியில் அறை மேற்பார்வையாளர். விருந்தினர் காலி செய்த அறைக்குள் போய், துப்புரவு ஆட்கள் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். கடமை விடுதியோடு முடிவதில்லை. வீட்டிலும் மனைவியும் மகளும் போகும் வழியெல்லாம் பின்னாலேயே வந்து இழுப்பறையைச் சாத்துவார், விளக்கை அணைப்பார், நாற்காலியை மேசைக்கடியில் தள்ளுவார். திட்டமாட்டார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் கஷ்டம்.

"அம்மா, எழுந்திரு," என்றாள் மகள், சோபாவில் சாய்ந்திருந்த நடையக்காவிடம். "குஷனைத் தட்டி வைக்கணுமாம். அப்பா கதவுகிட்ட நிக்கிறாரு."

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் கணவர்.

"சொல்லித் தொலைச்சா நிம்மதியா இருக்கும்ங்க," என்றார் நடையக்கா. "சரி, ஒரு விஷயம் கேக்குறேன். உங்களுக்கு எதைப் பார்த்தா பயம்?"

கணவர் யோசித்தார். "ஈரத் துண்டை மெத்தை மேல போட்டுட்டுப் போறது."

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க."

அந்த வாரம் முழுக்க மேல்தளத்தில் காவலனுக்குச் சிங்காரம் நடந்தது. கண்ணைச் சிவப்பாக்கினார்கள். கையை நான்காக்கினார்கள். ஒலியமைப்பாளர் (அவரைச் சத்தம் என்றே கூப்பிடுவார்கள்) மாவரைக்கும் இயந்திரத்தையும் பழைய மோட்டார் சைக்கிளையும் பதிவுசெய்து கலந்து புதிதாக ஓர் உறுமல் கொண்டுவந்தார்.

"எப்படிக்கா இருக்கு?"

"வயித்து வலி மாதிரி இருக்குடா."

சத்தம் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். ஏதாவது ஒன்றைச் சேர்க்கச் சேர்க்க, காவலன் முறுக்கிக்கொண்டு நிற்கும் கடைத்தெரு ரவுடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தான். தள்ளிவிட்டால் விழுந்துவிடுவான் போலிருந்தது.

இதற்கு நடுவே வேறொரு தொல்லை. ஒவ்வொரு முறை ஆடிப் பார்த்ததும் விண்வெளி நிலையத்தின் அறைகள் அலங்கோலமாகக் கிடக்கும். இழுப்பறைகள் திறந்து, நாற்காலிகள் கவிழ்ந்து, விளக்குகள் எரிந்தபடி. மறுபடி ஆட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கணினியில் ஏற்ற வேண்டும். அவர்களிடமிருந்த கணினிகளின் வேகத்துக்கு அதற்குள் ஒரு டீ குடித்து, கதை பேசி, கழுவி வைத்துவிடலாம். நடையக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கணக்கு என்று எல்லோரும் கூப்பிடும் புரோகிராமரிடம் போனார்.

"டேய் கணக்கு, இந்தத் தடியன் சும்மாதானே நிக்கிறான். இவனையே ஒழுங்குபண்ண விட்டா என்ன?"

கணக்குக்கு யோசனை பிடித்துவிட்டது. எந்தப் பொருள் எந்த வரிசையில் நகர்த்தப்பட்டதோ, அதே வரிசையில் காவலன் போய்த் திரும்ப வைத்துவிட்டு வருகிறமாதிரி எழுதிக்கொடுத்தான். அந்த நேரத்தில் உறுமல் கிடையாது, துரத்தல் கிடையாது. நான்கு கையில் இரண்டை மடக்கி வைத்துக்கொண்டு காரியம் பார்ப்பான். இந்த ஏற்பாட்டுக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தார்கள். அசைவை நடையக்கா போட்டார். வேடிக்கைக்காக அப்படியே கணவரைப் போட்டார்: வாசலில் ஒரு நிமிடம் நிற்பது, தலையை லேசாகச் சாய்ப்பது, இழுப்பறையை இடித்துச் சாத்தாமல் கடைசி அங்குலத்தை விரல்நுனியால் தள்ளுவது. வெள்ளிக்கிழமைக்கு முன் துடைப்பத்தை எடுத்துவிட வேண்டும். கணக்கு எடுத்துவிடுவான் என்று நடையக்கா இருந்தார். அக்கா எடுத்துவிடுவார் என்று கணக்கு இருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் நர்ஸ் மறுபடி வந்தார். "இன்னைக்குச் சிரிக்கமாட்டேன்," என்று உறுதிமொழி கொடுத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். மற்றவர்களுக்குக் கேட்க மேசையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. முதலாளி நின்றபடி பார்த்தார். கை தாடியில் இருந்தது.

நர்ஸ் முதல் அறையில் விளக்கைப் போட்டார். நாற்காலியை நகர்த்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார், சாவி இல்லை. அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் இரண்டு இழுப்பறைகளைத் திறந்துபோட்டார். தூரத்தில் காவலனின் காலடி கேட்டது. விறுவிறுவென்று மூலையிலிருந்த அலமாரிக்குள் புகுந்து, பார்ப்பதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கதவை இழுத்துக்கொண்டார்.

உறுமல் வரவில்லை. சத்தம் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார்.

முதல் அறை விளக்கு அணைந்தது. நாற்காலி தரையில் இழுபடும் ஓசை. இழுப்பறை சாத்தப்படும் ஓசை. நடையக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கைத் திரும்பிப் பார்த்தார். கணக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தான். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். நர்ஸின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நர்ஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நான் வந்த வழியிலயே வருது," என்றார் மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

காவலன் வாசலில் வந்து நின்றான். தலையைச் சாய்த்தான். உள்ளே வந்து முதல் இழுப்பறையைச் சாத்தினான். இரண்டாவதைச் சாத்தினான். கடைசி அங்குலத்தை விரல்நுனியால் தள்ளினான். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பினான். நர்ஸ் கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். இரும்பு முகம் இடைவெளியை நிறைத்தது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விட்டிருந்த இடைவெளியை மெல்லச் சாத்தினான். கிளிக். திரை இருண்டது. காலடிகள் நிதானமாகப் போய்விட்டன.

நர்ஸ் ஹெட்ஃபோனைக் கழற்ற இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

"தண்ணி இருக்கா?"

குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "போன தடவை கத்துச்சு. கத்துறவனைச் சமாளிச்சுடலாம்ங்க. நம்ம மேல கோவம், அவ்வளவுதானே. இதுக்கு என் மேல கோவமே இல்ல. நான் கலைச்சதை எல்லாம் ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டு வருது. கடைசில நான் ஒருத்திதான் பாக்கி."

முதலாளியின் கை தாடியிலிருந்து இறங்கியது. "யார் யோசனைக்கா இது?"

"யோசனையெல்லாம் இல்ல தம்பி," என்றார் நடையக்கா. "எடுக்க மறந்துட்டோம்."

"அப்படியே மறந்துடுங்க. சிலந்தி வேண்டாம்."

சிவப்புக் கண்ணும் கூடுதல் கைகளும் மாலைக்குள் போய்விட்டன. உறுமலைச் சத்தம் தன் கையாலேயே நீக்கினார். பிறகு மைக்கைத் தூக்கிக்கொண்டு, கட்டிடத்திலிருந்த ஒவ்வோர் இழுப்பறையையும் சாத்திப் பதிவுசெய்யக் கிளம்பினார். பல் மருத்துவமனையின் கருவி இழுப்பறைதான் கடைசியில் தேர்வானது.

ஞாயிற்றுக்கிழமை நடையக்கா மடிக்கணினியை வீட்டு மேசையில் வைத்து, கணவரை ஆடச் சொன்னார். விளையாட்டென்றால் சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனிதர். முகத்தைத் திரைக்கு அருகில் வைத்துக்கொண்டு, இழுப்பறைகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் சாத்தினார்.

"திறந்தே விடுங்கப்பா," என்றாள் மகள். "நீங்களே சாத்திட்டா அது வராது."

அரைமனதோடு திறந்துவிட்டு, கட்டிலுக்கடியில் ஒளிந்தார். காவலன் வந்தான். நின்றான். தலையைச் சாய்த்தான். கணவரின் கழுத்தில் வியர்வை துளிர்த்தது. காவலன் போனபிறகும் அவர் எந்த விசையையும் அழுத்தவில்லை.

"யாரும்மா இவன்? ஒரு வார்த்தை பேசமாட்டேங்குறான். இவன்கூட எப்படி ஒரு வீட்ல இருக்கிறது?"

மகள் குஷனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நடையக்கா கணவரைப் பார்த்தார். அவர் திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நானா?"

"நடை மட்டும்தான்ங்க."

கணவர் கன்னத்தைச் சொறிந்தார். கோபம் வரும் என்று நடையக்கா எதிர்பார்த்தார். வந்தது குறைதான்.

"கட்டில் மேல துண்டு கிடந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டுப் போறான். அந்த வேலை நான் செய்யமாட்டேன்."

திங்கட்கிழமையிலிருந்து காவலன் துண்டையும் மடித்து வைத்தான். அதைப் பார்த்த நர்ஸ் ஒரு வாரம் லிஃப்டில் தனியாக ஏறவில்லை. நடையக்கா வீட்டில் கணவர் இப்போதெல்லாம் ஓர் இழுப்பறையைச் சாத்துவதற்கு முன் தொண்டையைக் கனைத்து, "நான்தான்," என்று சொல்லிவிட்டுத்தான் சாத்துகிறார்.