நேர் தெருவில் நடக்க ஆசைப்பட்டவர்

அவருடைய வீட்டிலிருந்து எங்கள் பெயின்ட் கடைக்குப் பத்து நிமிட நடை. அவர் ஐம்பது நிமிடம் நடந்து வேலைக்கு வருவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்த வழக்கத்தால் கடையில் அவருக்குச் ‘சுற்றுவழி’ என்று பெயர் விழுந்தது. வைத்தவன் நான்தான். கல்லாவில் உட்காருகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். நேர் தெருவின் தொடக்கத்தில் மளிகைக் கடை, அதில் ஐந்து மாத பாக்கி. தாண்டினால் மருந்துக் கடை, சைக்கிள் கடை, முன்பு குடியிருந்த மாடி வீட்டின் சொந்தக்காரர். நாலு பேருக்கும் பணம் தர வேண்டியிருந்தது. ஐந்தாவது அவருடைய அக்கா. அக்கா வீடு ஊரின் மறுகோடியில், பாலத்துக்கு அப்பால் இருந்தது. ஆறாவது ஆள் நான். என்னைச் சுற்றிக்கொண்டு போக மட்டும் அவருக்கு வழி கிடைக்கவில்லை. கடைக்கு ஒரே வாசல், வாசலை ஒட்டிக் கல்லா. தினமும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து போவார்.

கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். கனவு காண்கிறவர், அவ்வளவுதான். ஜன்னலில் ஒரு மரம் தெரிகிறது என்பதற்காக இரண்டு மடங்கு வாடகைக்கு அந்த மாடி வீட்டை எடுத்தார். மூன்று பேரும் ஏறிப்போகலாம் என்று சைக்கிள் வாங்கினார். மூன்றாவது ஆள் அப்போது பிறக்கவே இல்லை. சொந்தமாக வண்ணம் கலக்கும் கடை போட அக்காவிடம் பெரிய தொகையாக வாங்கி ஒருவனிடம் முன்பணம் கொடுத்தார். கட்டடமும் எழவில்லை, கட்ட வந்தவனும் திரும்பவில்லை. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா என்று நான் நூறு தடவை கேட்டிருப்பேன். தலையாட்டுவார். கண் எங்கோ இருக்கும்.

ஆனால் அவர் வண்ணம் கலப்பதைப் பார்க்க வேண்டும். வெள்ளை பெயின்டில் கறுப்பு ஒரு சொட்டு, மஞ்சள் மூன்று சொட்டு. குச்சியால் கலக்கி, மூடியில் விரலால் ஒரு தீற்று. தலைமுடி காயவைக்கிற டிரையரை அதன்மேல் காட்டி, காய்ந்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் நீட்டுவார். “ஈரத்துல பாத்து முடிவு பண்ணாதீங்க. காஞ்சா வேற ஆளு இது” என்பார். ஷேட் கார்டில் இல்லாத நிறங்களுக்கு அவரே பெயர் வைப்பார். ‘பால் ஆறின வெள்ளை.’ ‘தூங்கி எழுந்த நீலம்.’ ஜனங்கள் அதைக் கேட்டு மயங்கி ஒரு டின் கூடுதலாக வாங்கிப் போவார்கள்.

அந்தப் பெயர்கள் எல்லாம் சுற்றுவழியில் பிறந்தவை. ஒருநாள் நானும் அவரோடு நடந்தேன். பின்புறச் சந்துகளில் பனி இன்னும் விலகவில்லை. சுவர்கள் பாதி கரைந்து நின்றன. எந்த வீட்டிலோ வானொலி முனகியது. உலர்த்திய போர்வைகளுக்கு நடுவே குனிந்து போனோம். அப்புறம் கைவிடப்பட்ட கிடங்கு, அதன் துருப்பிடித்த கதவில் காலை வெயில். அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். கடனுக்குப் பயந்து ஓடுகிற மனிதனோடு நிற்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது. இப்படி ஒரு வழி இருந்தால் நானும் நாலு பேரிடம் கடன் வாங்கியிருப்பேன் என்று தோன்றியது.

மகளைப் பள்ளியில் சேர்த்தபோதுதான் சிக்கல் வந்தது. பள்ளிக்கூடம் நேர் தெருவின் முடிவில். ஐந்து வயதுக் குழந்தையையும் அவர் சுற்றுவழியாகவே கூட்டிப்போனார். அதற்கு அது விளையாட்டு. போர்வைக்குள் புகுவதும் சுவரோரம் பதுங்குவதும் அதற்குக் கொண்டாட்டம். பள்ளி வாசல் நெருங்கியதும் அவர் மூலையில் நின்றுவிடுவார்; அது ஓடிப்போய் உள்ளே நுழையும்.

ஒரு நாள் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தபடி கடைக்குள் வந்தார். எனக்கே பயமாகிவிட்டது.

“என்னய்யா?” என்றேன்.

“பள்ளிக்கூட மூலையில என் பொண்ணு கையப் புடிச்சு இழுக்கிறாண்ணே. ‘இந்தப் பக்கம் வேணாம்பா, அங்க ஒரு பொண்ணு நிக்கிறா, அவகிட்ட வாங்கின ரப்பர் தொலைஞ்சு போச்சு, நாம சுத்திப் போயிடலாம்’ங்கிறா.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அவளுக்கு ஒளியக் கத்துக்குடுத்தது நான்தாண்ணே. இனிமே அவளை நேர் தெருவுல கூட்டிட்டுப் போகணும். கையப் புடிச்சுக்கிட்டு, நடுத்தெருவுல. அது போதும் எனக்கு.”

அன்று மதியமே சாம்பிள் டப்பாக்கள் ஆறு எடுத்துக் கழுவினார். ஒவ்வொரு கடன்காரருக்கும் ஒரு நிறம் கலந்து மூடியில் பூசினார். மளிகைக்கு மங்கின பச்சை. எனக்கு அடுப்புச் செங்கல். “ஏன்யா எனக்கு மட்டும் இது?” என்றேன். “பாக்கியக் கேக்கறப்போ உங்க முகம் இந்த ஷேடுதாண்ணே” என்றார். கேட்டதற்கு எனக்கு வேண்டியதுதான்.

சம்பளம் வாங்கினால் ஒரு முழு நாள் அதைத் தொடமாட்டார். “காயட்டும்” என்பார். ஈரச் சம்பளம் பெரிதாகத் தெரியுமாம். மறுநாள் வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சொட்டு அளவாக டப்பாக்களில் போடுவார். வண்ணம் கலக்கிறவனுக்குத் தெரிந்த விதிதான்: உள்ளே விட்ட சொட்டைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே டப்பாவில் விழுந்த பணத்தை அவர் எடுக்கவே இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கிழிந்த செருப்போடு வந்தார். மனைவி ரொட்டிக் கடையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனாள். “கனவுக்கு வாடகை கிடையாது. படுத்துக் கனவு காண்ற வீட்டுக்கு உண்டே” என்று அவள் சொன்னதாகச் சொல்லிச் சிரிப்பார்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? புத்தியுள்ளவன் பெரியதைப் பார்ப்பான், அல்லது வட்டியைப் பார்ப்பான். இவர் தெருவைப் பார்த்தார். முதலில் மளிகை, பிறகு மருந்து, பிறகு சைக்கிள், பிறகு மாடி வீட்டுக்காரர். அடைக்க அடைக்க வழி நேராகும். அப்புறம் நான். அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இல்லை, கடைசி.

“அக்கா கேக்கவே இல்லையேண்ணே” என்றார். நானும் சரி என்றேன். என் டப்பா அக்காவின் டப்பாவுக்கு முன்னால் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் என்னிடம் இல்லை.

மளிகைக்காரர் கணக்கை அடித்துக் கிழித்த நாளில் வழி ஐம்பது நிமிடத்திலிருந்து நாற்பதானது. அடி மேல் அடியாகக் குறைந்து, ஒன்றேகால் வருடத்தில் பத்து நிமிடத்துக்கு வந்து சேர்ந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அவர் நடந்து வந்ததைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். இருபுறமும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு, ஊர்வலம் வருகிற மாதிரி வந்தார். “மெதுவா வாய்யா, தெருவ நீயே வாங்கின மாதிரி வர்றே” என்று கத்தினேன்.

என் கணக்கும் தீர்ந்து, அக்காவின் டப்பா நிறைய இன்னும் எட்டு மாதம் ஆனது. நிறைந்ததும், “நீங்களும் கூட வாங்கண்ணே, தனியாப் போகப் பயமா இருக்கு” என்றார். ஒரு விடுமுறை நாளில் அவரும் மகளும் நானுமாக பாலத்தைத் தாண்டிப் போனோம். தண்ணீருக்கு மேலே வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் வைப்பார் என்று காத்திருந்தேன், வைக்கவில்லை.

அக்காதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரை. வாசலிலேயே நின்று தம்பியைப் பார்த்தாள். குழந்தை அப்பாவின் சட்டைக்குப் பின்னால் போய், ரகசியம் என்று நினைத்து உரக்கவே கேட்டது:

“அப்பா, இவங்களுக்கும் நாம தரணுமா?”

அவர் உறையை நீட்டினார். “முழுசும் இருக்குக்கா. எண்ணிப் பாத்துக்கோ.”

“பணத்த யாருடா கேட்டா?” என்றாள் அக்கா. “ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இவள ஒத்தக் கையில தூக்கிட்டு வந்த, அதோட சரி. இவ நடந்தத நான் பாக்கல. பேசினதக் கேக்கல.”

“கையில ஒண்ணும் இல்லாம எப்பிடிக்கா வர்றது?”

“வெறுங்கையோட வர்றதுக்கு உனக்கு இந்த ஒரு வீடுதாண்டா இருந்துது.”

அவர் கை நீட்டியபடியே நின்றது. முப்பது வருடமாகக் கல்லாவில் இருக்கிறவன் நான். வாங்க ஆளில்லாமல் பணம் அப்படி அந்தரத்தில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அக்கா உறையைத் தொடவில்லை. குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டு.

குழந்தை அவளையும் பார்த்தது, அப்பாவையும் பார்த்தது. “இவங்கள என்னன்னு கூப்பிடணும்பா?” என்று கேட்டது.

அவர் கையிலிருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தைன்னு கூப்பிடும்மா” என்று நான்தான் சொன்னேன்.